புழுதி பறந்த துளைகள்

“இந்தப் பகுதியில் செம்பு, தங்கம், நிக்கல் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.” இந்த வரியை எழுதிக் கொடுத்துச் சில வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். ராய்ச்சூர் பக்கம் வெயிலில் பாறை தட்டி, மண் அள்ளிப் பை கட்டி, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, கடைசியில் அறிக்கையின் முதல் பக்கத்தில் இதைப் போடுவோம். பொய் கிடையாது. ஆனால் அந்த வரிக்குள் தெரிந்தது எவ்வளவு, ஆசை எவ்வளவு, அடுத்த வருஷ பட்ஜெட் கவலை எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ள அவசியம் வரவில்லை. ஊருக்குத் திரும்பி வேறு பிழைப்பு பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்த வரி மட்டும் மனசில் ஒரு மூலையில் கிடந்தது. மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் ஒன்று அதைக் கிளறிவிட்டது.

மாமா பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டை மகாராஜநகரில் வீடு, முனைஞ்சிப்பட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். மகன் பெர்த்தில் இருக்கிறான். பெர்த்தில் வாழ்கிறவர்களுக்குச் சுரங்கக் கம்பெனிப் பங்கு என்பது நமக்கு எல்.ஐ.சி. பாலிசி மாதிரி, வீட்டுக்கு வீடு பேச்சில் அடிபடும். மச்சான் ஒரு சின்னக் கம்பெனியில் பணம் போட்டிருந்தான், அப்பாவையும் போடச் சொன்னான். “மருமவனே, நீ இந்தக் கல்லு மண்ணு வேலைலதான கெடந்த. இது என்னன்னு பாத்துச் சொல்லு. இவன் நல்லதுங்கான். நமக்கு ஒரு எழவும் வெளங்கல” என்று வாய்ஸ் மெசேஜ். பிடிஎஃப்பின் அட்டையில் செம்மண் பாலை, அதன் நடுவே டிரில்லிங் வண்டி. மேலே பெரிய எழுத்தில் புராதன எரிமலைப் பட்டை, செம்பு, தங்கம், நிக்கல். உள்ளே முதல் பக்கத்திலேயே அந்த வரி. நான் எழுதியதுபோலவே இருந்தது.

அதில் தவறு என்று எதையும் சொல்ல முடியவில்லை என்பதுதான் தொந்தரவாக இருந்தது. பட்டை நிஜம். பக்கத்தில் பெரிய சுரங்கங்கள் இருந்ததும் நிஜம். மாமாவுக்கு “போடாதீங்க” என்று சொல்லிவிடலாம், ஆனால் “ஏன்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

மூணு உலோகம், மூணு சமாசாரம்

அந்தப் புராதன எரிமலைப் பட்டை என்பது இதுதான்: 250 கோடி வருஷத்துக்கும் முன்னால், கடலடியில் எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி, அதன்மேல் வண்டல் படிந்து, பிறகு எல்லாம் மடிந்து நசுங்கி, சூட்டில் பச்சை நிறக் கனிமங்களாக மாறிக் கிடக்கின்றன. நாலு பக்கமும் கிரானைட், நடுவில் நீளவாக்கில் இந்தப் பச்சைப் பாறைப் பட்டை. கனடாவில் அபிட்டிபி, ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி வட்டாரம், தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன், நமக்குப் பக்கத்தில் கோலார், ஹட்டி, கதக், சித்ரதுர்கா. உலகத்தின் தங்கத்தில் பெரும் பங்கு இப்படிப்பட்ட பட்டைகளிலிருந்து வந்தது. சரி, அதனால் பட்டை இருந்தால் உலோகம் இருக்கும் என்று அர்த்தமா? பட்டையின் பெரும்பகுதி வெறும் பாறைதான். அதோடு, செம்பு, தங்கம், நிக்கல் என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அவை மூன்றும் ஒரே கூடையில் கிடப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அவை மூன்றும் வேறு வேறு வழியில் வந்து சேர்ந்தவை. தேடும் முறையும் வேறு.

நிக்கலை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் பூமியின் உள்சூடு அதிகம். ஹவாயில் இன்று வழியும் குழம்பு சுமார் 1200 டிகிரி என்றால், அன்று வந்த கோமட்டியைட் என்ற குழம்பு 1600 டிகிரியை ஒட்டி இருந்தது. பார்பர்ட்டன் மலைப்பக்கம் ஓடும் கோமட்டி ஆற்றின் பெயரை 1969இல் இதற்கு வைத்தார்கள். கெட்டியே இல்லாமல் ஓடுகிற இந்தக் குழம்பு, தான் ஓடும் தரையையே உருக்கி வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகும். அந்தத் தரையில் கந்தகம் உள்ள சேறு இருந்தால் கந்தகம் குழம்புக்குள் இறங்கும். குழம்பில் கரைந்திருந்த நிக்கலை அது பிடித்துக்கொண்டு, கனமான சல்பைடு திரவமாகப் பிரிந்து, வாய்க்காலின் அடியில் போய்த் தங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கம்பல்டா என்ற இடத்தில் 1966இல் கண்டுபிடித்தது இந்த வகைதான். தாது இருப்பது பழைய வாய்க்காலின் அடிமடியில் மட்டும், சில மீட்டர் தடிமனில், நாடாபோல நீண்டு கிடக்கும். துளை கொஞ்சம் தள்ளிப் போனால் ஒன்றும் கிடைக்காது. இதில் ஒரு பொறி வேறு உண்டு. ஆலிவின் என்ற கனிமம் இருப்பதால் இந்தப் பாறையிலேயே சாதாரணமாக 0.2 சதவீதம் வாக்கில் நிக்கல் இருக்கும். ஆகவே இந்தப் பாறை மக்கிய மண்ணை எங்கே அள்ளிச் சோதித்தாலும் நிக்கல் காட்டும். அது தாது அல்ல, பாறையின் சுபாவம். கூடவே செம்பும் பிளாட்டினம் வகையறாவும் உயர்ந்திருந்தால்தான் கந்தகத்தோடு சேர்ந்த நிக்கல் என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் நிக்கல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் குதிப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்போம்.

செம்பு வேறு மாதிரி. கடலடி விரிசல்களில் கடல்நீர் இறங்கி, அடியில் கிடக்கும் சூட்டில் காய்ந்து, பாறையிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு 350 டிகிரி வாக்கில் மேலே பீறிடும். குளிர்ந்த கடலைத் தொட்டதும் சுமந்து வந்ததைக் கொட்டிவிடும். இன்றும் கடலடியில் இது நடக்கிறது. 1979இல் பசிபிக் கடலில் கரும்புகை கக்கும் ஊற்றுக்கண்களை நேரிலேயே பார்த்தார்கள். கனடாவில் டிம்மின்ஸ் ஊருக்குப் பக்கத்துக் கிட் கிரீக் சுரங்கம், 270 கோடி வருஷத்துக்கு முந்திய இதே சமாசாரம்தான். சல்பைடு மொத்தையாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தும். வானத்தில் பறந்தபடியே மின்காந்த அளவீடு செய்து பிடிக்கலாம், கிட் கிரீக்கை அப்படித்தான் பிடித்தார்கள். ஆனால் பென்சில் கரி கலந்த களிமண் பாறையும் அதே அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். துளை போட்டுப் பார்க்கும்வரை கருவிக்கு இரண்டும் ஒன்று. 1963 நவம்பரில் கிட் கிரீக்கில் முதல் துளையைப் போட்டவர்கள், அதற்கு முன் எத்தனையோ இடத்தில் துளைத்துக் கரியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். முதல் துளையிலேயே செம்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டு சுற்றுவட்டார நிலத்தை வாங்கினார்கள். 1964 ஏப்ரலில்தான் வெளியே சொன்னார்கள். இடையில் கம்பெனி ஆட்களே பங்கு வாங்கிக் குவித்தது அமெரிக்காவில் பெரிய வழக்கானது. நல்ல துளையைக்கூட மறைத்து லாபம் பார்க்கலாம் என்பது அதிலிருந்து தெரிந்தது.

தங்கம் கடைசியாக வரும் விருந்தாளி. எரிமலை எல்லாம் ஓய்ந்து, பட்டை மடிந்து நசுங்கும் காலத்தில், ஆழத்தில் சூடேறிய பாறைகள் தங்களுக்குள் இருந்த நீரையும் கரியமில வாயுவையும் கந்தகத்தையும் வெளியே தள்ளும். தங்கம் அந்தக் கந்தகத்தோடு கரைந்து, பெரிய பிளவுகளின் வழியாக மேலே ஏறும். வழியில் இரும்பு மிகுந்த பாறை கந்தகத்தைப் பறித்துக்கொண்டால் தங்கம் அங்கேயே இறங்கிவிடும். கூடவே வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், நரம்பாகப் படியும். நிலத்தின் மேலிருந்து அளக்கும் எந்தக் கருவிக்கும் தங்கம் நேரடியாகத் தெரியாது, அவ்வளவு கொஞ்சம். மண்ணில் ஆர்சனிக் உயர்கிறதா என்று பார்ப்போம், ஏனென்றால் இரண்டும் பல இடங்களில் சேர்ந்து பயணம் செய்கின்றன.

ஆகவே சின்னக் கம்பெனி ஒன்று மூன்றையும் தேடுகிறோம் என்றால், ஒரு பணத்தை மூன்று தேடலுக்குப் பங்கு போடுகிறது. அல்லது, சந்தையில் எது விலை போகிறதோ அதை முன்னால் நிறுத்திக்கொள்ள இப்போதே இடம் வைக்கிறது. 1969இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் விண்டாரா என்ற இடத்தில் நிக்கல் கிடைத்தது என்று போசைடன் கம்பெனி அறிவித்தபோது 80 சென்ட் விலையிலிருந்த பங்கு, அடுத்த பிப்ரவரிக்குள் 280 டாலரைத் தொட்டது. வியட்நாம் போர், கனடாவில் வேலைநிறுத்தம், நிக்கலுக்குத் தட்டுப்பாடு. நிக்கல் நிஜமாகவே இருந்தது. சுரங்கம் ஓட ஆரம்பித்தபோது விலை இறங்கியிருந்தது. அதே மேற்கு ஆஸ்திரேலியாவில், இந்தோனேசியாவிலிருந்து மலிவான நிக்கல் கொட்ட ஆரம்பித்ததும், பி.எச்.பி. மாதிரி பெரிய கம்பெனியே 2024 அக்டோபரில் தன் நிக்கல் பிரிவை நிறுத்தி வைத்தது. பாறை அப்படியே இருக்க, தாது வெறும் கல்லாகிவிடும்.

டன்னுக்கு ஒரு பவுன்

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். படம் வரைந்து காட்டினேன். கோமட்டியைட் வரும்போது அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பிடிஎஃப்பைப் புரட்டினார். பேங்கில் லோன் விண்ணப்பத்தைப் புரட்டியவர் அல்லவா, படத்தையெல்லாம் தாண்டி எண் இருக்கும் பக்கத்துக்கு நேரே போனார்.

தடித்த எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: 240 மீட்டர் ஆழத்திலிருந்து 12 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 8 கிராம் தங்கம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இதில் 1 மீட்டருக்கு 85 கிராம் அடக்கம்.

“டன்னுக்கு ஒரு பவுன்” என்றார் மாமா உடனே. எட்டுக் கிராம் என்றதும் நம் ஆட்களுக்கு வேறெதுவும் தோன்றாது.

“ஆமா மாமா. கேக்க நல்லாத்தான் இருக்கு.”

பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதினார். பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. அதில் எண்பத்தைந்து ஒரே மீட்டரில். மிச்சம் பதினொன்று, பதினொரு மீட்டருக்கு. “அப்பம் பாக்கி இடத்துல எல்லாம் ஒரு கிராம்தான கெடக்கு? ஒருத்தன் சம்பளத்த வச்சுக் குடும்பம் பூரா பணக்காரன்னு எழுதிருக்கான் பாத்தியா.”

நான் சிரித்துவிட்டேன். இந்தத் துறையில் இதற்கு மெனக்கெட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள். நல்ல ஒற்றை மீட்டரை இரண்டு பக்கமும் இழுத்துப் பரப்புவது. தங்கம் ஒரே சீராகக் கிடக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒரு மணி துளைக்குள் மாட்டினால் எண் எகிறும், அரை அடி தள்ளியிருந்தால் ஒன்றும் இருக்காது. 240 மீட்டர் ஆழத்தில் டன்னுக்கு 1 கிராம் என்பதைத் தோண்டி எடுத்துப் பிழைப்பது கஷ்டம். அதோடு, துளை நரம்பைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக, கிட்டத்தட்ட அதன் கூடவே இறங்கினால், இரண்டு மீட்டர் நரம்பும் பன்னிரண்டு மீட்டராகத் தெரியும். நிஜத் தடிமன் என்ன என்ற கேள்விக்கு அந்தத் தாளில் “பின்னர் தெரிவிக்கப்படும்” என்றிருந்தது.

ஆனால் என்னை உட்கார வைத்தது மாமாவின் அடுத்த கேள்வி. முனைஞ்சிப்பட்டி நிலத்தில் அவர் போர் போட்ட வரலாறு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கருங்கல்லில் தண்ணீர் என்பது விரிசலில் மட்டும்தான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவர், வேப்பங்குச்சிக்காரர், கருவி கொண்டுவந்த இன்ஜினியர் என்று ஆள் மாற்றி ஆள் குறித்துக் கொடுத்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினார். நல்ல தண்ணீர் ஒன்றில் வந்தது. ஊரில் அந்தத் தேங்காய்க்காரரைப் பற்றிக் கேட்டால், “இன்னாரு தோட்டத்துல குறிச்சுக் குடுத்தாரு, மூணு இஞ்சு தண்ணி” என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள்.

“அதெல்லாம் இருக்கட்டும். மொத்தம் எத்தன போர் போட்டாவ? எத்தனைல புழுதி பறந்துச்சு? அத எங்க போட்டிருக்கான்?”

இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தவன், பாறையின் வயசையும் குழம்பின் சூட்டையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிடிஎஃப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அதற்குப் பதில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஜோர்க் என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. அதன் 2012 பதிப்பின்படி, நல்ல முடிவை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கக் கூடாது. சொல்லாமல் விட்டால் ஏன் விட்டோம் என்று எழுத வேண்டும். ஆகவே பின்னிணைப்பில், எறும்பு எழுத்தில், அட்டவணை இருக்கும். நானும் மாமாவும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். மொத்தம் 14 துளை. 9 துளைக்கு எதிரே “குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை” என்ற சுருக்கக் குறி. மூன்றில் ஏதோ கொஞ்சம். ஒன்றுக்குச் சோதனை முடிவு வர வேண்டும். மிச்சமிருந்த ஒரே ஒரு துளைதான் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தாக நின்றது. நிக்கலுக்கென்று போட்ட துளைகள் எல்லாமே அந்த ஒன்பதுக்குள் இருந்தன.

கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது, எந்த வரிசையில், எந்த எழுத்தளவில் என்பதில்தான் வேலை. ஏமாற்று என்றால் அது வேறு ரகம். இந்தோனேசியாவின் பூசாங்கில் தங்கம் தேடிய கனடாக் கம்பெனி ஒன்றின் விவகாரம் 1997இல் வெளிப்பட்டது. அதில், அரைத்த பாறைத் தூளில் ஆற்றுத் தங்கத்தைத் தூவிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கனடாக்காரர்கள் பட்ட அடியில் 2001இல் தங்களுக்கென்று கடுமையான விதி கொண்டுவந்தார்கள். விதி வந்த பிறகு தூவுவது கஷ்டம். எழுத்தளவை மாற்ற இன்னும் தடையில்லை.

அதே 1880

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தால், மச்சான் பெர்த்திலிருந்து வீடியோ காலில் வந்து சண்டை பிடித்தான். “ஒம்போது துளை பொய்க்காம பத்தாவது எப்படி வரும்? கோலார்ல மட்டும் மொதல் நாளே கெடச்சுதா?” என்றான். அவன் படித்தது கணினி, ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. கோலார் கதை உண்மையில் அவன் பக்கம்தான் சாய்கிறது.

1880 வாக்கில் லண்டனில் இந்தியத் தங்கம் என்றால் ஒரு பைத்தியம். நீலகிரி, வயநாடு எல்லையில் தேவாலா, பந்தலூர் பக்கம் வெங்கச்சங்கல் நரம்புகள் இருந்தன. உள்ளூர்க்காரர்கள் நெடுங்காலமாகச் சலித்து எடுத்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பெயரெடுத்த பிரௌ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். அறிக்கையில் நம்பிக்கை தெரிந்தது. அதை வைத்து லண்டனில் கம்பெனிக்குப் பின் கம்பெனியாகப் பதிவாகி, லட்சக்கணக்கான பவுண்டு திரண்டது. இயந்திரங்கள் மலையேறின. சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. தங்கம் இருந்தது, ஆனால் கொஞ்சம், அதுவும் நரம்புக்குள் தாறுமாறாக. முதலில் நன்றாக இருந்த சில மாதிரிகளைப் பார்த்து மலை முழுக்க அப்படி என்று எண்ணிவிட்டார்கள்.

அதே வருஷங்களில், அதே லண்டன் பணத்தில்தான் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற சுரங்கக் கம்பெனிக்காரர்கள் கோலாரில் இறங்கினார்கள். அங்கேயும் முதல் சில வருஷம் காசு கரைந்தது. மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு மூடலாம் என்ற பேச்சுவரை போனது. கடைசியாக ஒரு முறை பார்ப்போம் என்று பழங்காலத்துக் குழிகளின் அடியில் இறங்கியவர்கள் சாம்பியன் ரீஃப் என்ற தங்க நரம்பைத் தொட்டார்கள். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம், 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம், மொத்தம் சுமார் 800 டன் தங்கம். அதற்காகப் பாறை வெடிப்பிலும் தூசியிலும் உயிரைவிட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி வட மாவட்டத்துத் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள்.

இரண்டு இடத்தின் 1880ஆம் வருஷ அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது மூழ்கும், எது நூறு வருஷம் ஓடும் என்று படிக்கிறவனுக்குத் தெரிந்திருக்குமா? அன்றைக்குத் தெரிந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இன்றைக்கு நமக்குக் காரணம் சொல்லத் தெரிகிறது. கோலாரில் பச்சைப் பாறைப் பட்டை, இரும்பு மிகுந்த எரிமலைக் கல், நீண்ட பிளவு. வயநாட்டில் அப்படிப்பட்ட முழுப் பட்டை இல்லை, ஆழத்தில் வெந்த பாறையே அதிகம். ஆனால் பட்டை இருந்தும் படுத்த கம்பெனிகள் கோலாரைச் சுற்றியே இருந்தன. அறிவியல் நமக்குக் கொடுத்தது, எங்கே தேடாமல் இருக்கலாம் என்ற தெளிவை. எங்கே கிடைக்கும் என்பதில் அது இன்னும் மண்டையைச் சொறிகிறது.

நம்ம ஊர்க் கருங்கல்

தேடாமல் இருக்கலாம் என்ற பட்டியலில் திருநெல்வேலியைத் தாராளமாகச் சேர்ப்பேன். இதைச் சொன்னால் இங்கே நிறைய பேருக்குக் கோபம் வருகிறது. ஆதிச்சநல்லூரில் தங்க நெற்றிப்பட்டம் கிடைத்ததே, அப்படியானால் இங்கே எங்கோ சுரங்கம் இருந்திருக்க வேண்டாமா என்பார்கள். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்ததில் பட்டமும் உண்டு, வெண்கலச் சாமான்களும் உண்டு. கப்பல் போய் வந்த ஆற்றங்கரையில் தங்கம் இருக்க, தங்கம் அங்கேயே விளைந்திருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் செம்பு ஆலை ஓடிய காலத்திலும் தாது கப்பலில்தான் வந்து இறங்கியது.

நம் தரையின் கதை வேறு. ஜல்லி குவாரியில் உடைபடும் பச்சை கலந்த கருநீலக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னை பரங்கிமலை வட்டாரத்துக் கல் என்பதை வைத்து ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பெயரைக் கொடுத்தார். பூமிக்கு 20, 30 கிலோமீட்டர் அடியில், 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்த பாறை இது. கடைசிப் பெரிய வேக்காடு சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்பு. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், அந்த அடிப்பாகம் இன்று நம் காலடியில் கிடக்கிறது. இப்படி வேகும்போது நீரும் கந்தகமும் வெளியேறிவிடும். கூடப் போகக்கூடிய தங்கமும் மேலே போயிருக்கும், மேலே இருந்தது ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டது. தென்காசிப் பக்கமாக வரும் அச்சன்கோவில் பிளவு பெரியதுதான், ஆனால் பிளவு மட்டும் போதாது, அதில் ஏறி வரச் சரக்கு வேண்டும்.

அதற்காக நம் நிலம் வெறுமை இல்லை. அதே வேக்காட்டில் பழைய கடலின் சுண்ணாம்பு படிகக் கல்லாக மாறித் தாழையூத்தில் கிடைத்தது, 1940களில் அதை நம்பியே சிமென்ட் ஆலை வந்தது. பாறையில் விளைந்த கார்னெட் உதிர்ந்து உவரி, கூட்டப்புளி கடற்கரையில் சிவப்பு மணலாகக் குவிந்தது. கூடவே இல்மனைட், சிர்கான், மோனசைட். அந்த மணலை அள்ளியதில் நடந்த கூத்தும், 2013இல் அரசு போட்ட தடையும் இங்கே எல்லோருக்கும் தெரியும், நான் திரும்பச் சொல்ல வேண்டாம்.

களக்காட்டுப் பக்கம் ஓடையில் வண்டல் சலித்துக்கொண்டிருந்த நண்பனோடு ஒரு நாள் நின்றேன். நாடு முழுக்க 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போட்டு ஓடை மண்ணைச் சோதிக்கும் அரசு வேலை அது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, “என்ன சாமி, தங்கமா, யுரேனியமா?” என்றார். “ஒண்ணும் இருக்காது தாத்தா, இருக்கான்னு பாக்கோம்” என்றான் நண்பன். பெரியவர் நம்பவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் அரசாங்கம் எதற்கு ஜீப் அனுப்பும் என்பது அவர் நியாயம்.

தமிழ்நாட்டில் செம்புக்கோ தங்கத்துக்கோ துளை போடு என்று என்னிடம் பணம் கொடுத்தால் நான் வடக்கே போவேன். கோலார் பட்டையின் தென்வால் நீளும் கிருஷ்ணகிரிப் பக்கம், செம்பும் ஈயமும் துத்தநாகமும் ஏற்கெனவே தென்பட்ட மாமண்டூர் பக்கம். அங்கேயும் முதல் சில துளைகளில் புழுதிதான் பறக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

மச்சானுக்கும் எனக்கும் இன்னும் தீராதது, அந்தப் புழுதிக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான். இங்கே இத்தனை காலம் கொடுத்தது அரசு. 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பழைய அறிக்கைகளை எடுத்தால், “மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை” என்று முடிகிறவை ஏராளம். அடுத்து வருகிறவன் அதே இடத்தில் போய்த் தோண்டாமல் இருக்க அதைவிட உபகாரம் இல்லை. அந்தத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் இப்போது பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2023ஆம் வருஷத் திருத்தச் சட்டம், தங்கம், செம்பு, நிக்கல் உட்பட 29 கனிமங்களுக்குத் தனியார் ஆய்வு உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. கண்டுபிடித்துக் கொடுத்தால், பிறகு சுரங்கம் எடுப்பவர் கட்டும் ஏலத் தொகையில் பங்கு. கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பங்கு கிடையாது. இதனால் நம் ஊரிலும் வண்ணப் பிடிஎஃப்கள் வரத் தொடங்கும் என்பது என் கணக்கு.

மச்சான் சொல்வது, ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் இழக்கத் தயாராக இருப்பதால்தான் ஆஸ்திரேலியாவில் சுரங்கமே வந்தது என்று. அது உண்மை, மறுக்கவில்லை. நான் சொல்வது, அந்த ஆயிரம் பேரில் தான் ஒருவன் என்று தெரிந்து போடுகிறவனும், மாமா மாதிரி ஓய்வுப் பணத்தை எஃப்.டி.யிலிருந்து எடுத்துப் போடுகிறவரும் ஒன்றல்ல. இழந்தால் வலிக்காத பணம் எவ்வளவோ அவ்வளவு போடு, அந்த ஒன்பது துளையின் பக்கத்தை முதலில் படி, போதும். மாமா எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சின்னத் தொகையில் நின்றுவிட்டார். அத்தைக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. மச்சான் பொங்கலுக்கு வருகிறான், மிச்சத்தை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறான்.